கொல்லைப்புறத்தில் ஒரு தன்னூர்



வீட்டின் கொல்லைப்புறத்தில் விறகு எரித்து பீட்ஸா சுடும் அடுப்பு ஒன்றைக் கட்டப்போகிறோம் என்று நாம் சொன்னபோது, சூளகிரியில் நமது மஹல்லாவைச் சேர்ந்த பலர் சிரித்தனர். மத்ரஸாவில் பாடம் நடத்துபவருக்கு இது என்ன வேலை என்று சிலர் வினவினர். ஓசூரிலிருந்து வீட்டு வாசலுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்றனர் வேறு சிலர். இவற்றுக்கு விடை சொல்வது எளிதாகவே இருந்தது. பிள்ளைகள் நெடுநாளாகக் கேட்டு வந்தனர். ரியாத் நகரில் 11 ஆண்டுகள் ரொட்டிக்கடையில் பணியாற்றிய மைத்துனர் ஊர் திரும்பி, வேலை தேடும் இடைவெளியில் வீட்டில் இருந்தார். கொல்லையில் இடமும் இருந்தது.

விடை சொல்லக் கடினமான வினாவைக் கேட்டவர் நமது துணைவியார்தாம். "அடுப்பு எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். புகை எங்கே போகும்?"

அவர் அவ்வாறு கேட்டதற்குக் காரணம் உண்டு. அவர் சிறுமியாக இருந்தபோது பிறந்த வீட்டில் ஊதுகுழலும் ஈரவிறகுமாகவே சமையல் நடந்தது. 2007-இல் தமிழக அரசு இலவச எரிவாயு அடுப்புத் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே அவருடைய தாயாரின் கண்ணெரிச்சலுக்கு ஓய்வு கிடைத்தது. விறகுப் புகையில் வாழ்ந்து அதிலிருந்து மீண்ட தலைமுறை அது. வீட்டினுள் எரியும் விறகின் புகையைப் புற்றுநோய்க்குக் காரணமாகக்கூடியவற்றின் வரிசையில் உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்துள்ளது. விறகடுப்பின் மணத்தைக் கவிதையாகப் பேசுவோர் பெரும்பாலும் அதன் முன் நாள்தோறும் குந்தி அமராதவர்களே என்பது நமது எண்ணம்.

நமது கொல்லையின் கிழக்குச் சுவருக்கு அப்பால் வாழ்பவர் தெலுங்கு பேசும் ஒரு மூதாட்டி. அக்கம்பக்கத்தார் அனைவரும் அவரை "அவ்வா" என்றே அழைப்போம். அவருக்கு நெடுங்காலமாக இரைப்பு நோய் உண்டு. அவருடைய மகன் நெடுஞ்சாலையோரத் தொழிற்சாலை ஒன்றில் முறை மாற்றிப் பணிபுரிகிறார். இரவு முறை வரும் வாரங்களில் பகல் இரண்டு மணி வரை உறங்குவார். அவ்வாவின் சமையலறைச் சாளரம் நமது கொல்லையின் தென்பாதியை நோக்கித் திறக்கிறது. நாம் அடுப்புக் கட்ட முதலில் கருதிய இடமும் அதுவே. நமது சமையலறைக்கு அருகில், தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில், எல்லா வகையிலும் வசதியான இடம்.

நம் இடத்தில் நாம் கட்டுகிறோம் என்று ஒருவர் சொல்லக்கூடும். இந்த வாதம் புதிதன்று. நமது ஃபிக்ஹு நூல்கள் இதே அடுப்பையும் இதே புகையையும் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகப் பேசி வந்துள்ளன. மாலிக்கி மத்ஹபின் மூல நூலான முதவ்வனாவில், குடியிருப்புகளுக்கு நடுவே தனக்குச் சொந்தமான காலியிடத்தில் குளியற்கூடமோ ரொட்டி அடுப்போ கட்ட விரும்புபவரைப் பற்றிய வினா வருகிறது. புகையால் அண்டை வீட்டாருக்குத் தீங்கு நேருமாயின் அவர்கள் தடுக்கலாம் என்பது அங்கே தரப்படும் விடை. ஷாஃபிஈ அறிஞர்கள், தக்க காப்புகளைச் செய்துகொள்ளும் உரிமையாளருக்குத் தம் இடத்தில் கூடுதலான சுதந்திரம் அளிக்கின்றனர்.

நாம் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில் இதற்கு ஒரு சுவையான வரலாறு உண்டு. ஒருவர் தமக்குச் சொந்தமான இடத்தில் செய்வதைத் தீர்ப்பின் மூலம் தடுக்க இயலாது என்பதே இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் அடிப்படைக் கருத்து. அண்டை வீட்டார் தோண்டிய கிணற்றைப் பற்றி ஒருவர் அவர்களிடம் முறையிட்டபோது, "உமது வீட்டில் அக்கிணற்றருகே ஒரு கழிவுக்குழி தோண்டிக்கொள்ளும்" என்னும் கருத்தில் விடையளித்தார்கள் என்றும், கழிவு கசிந்ததும் கிணற்றுக்காரர் தாமே கிணற்றை மூடிவிட்டார் என்றும் நூல்கள் கூறுகின்றன. மாணவர்கள் விழுந்து விழுந்து சிரிக்கும் பாடம் இது. ஆனால் உரிமையைக் கொண்டு உரிமையை அடக்கும் அந்த வழியில் இரு வீட்டாரும் நிம்மதி இழந்திருப்பர். பிற்கால ஹனஃபி அறிஞர்கள் வெளிப்படையான பெருந்தீங்கு நேருமிடத்தில் தடுக்கலாம் என்று தீர்மானித்தனர். 1869 முதல் 1876 வரை உஸ்மானியப் பேரரசு தொகுத்து வெளியிட்ட மஜல்லா சட்டநூலின் 1200-ஆம் பிரிவு, அண்டை வீட்டில் குடியிருக்க முடியாதபடி செய்யும் ரொட்டி அடுப்பின் புகையை அத்தகைய தீங்குக்கு எடுத்துக்காட்டாகவே கூறுகிறது.

ஆகவே அடுப்புக் கட்டும் முன் அவ்வாவிடம் சென்றோம். நாமும் துணைவியாரும் சேர்ந்தே சென்றோம். "கட்டுங்க ஹஜ்ரத்து, உங்க இடம், நான் என்ன சொல்லப்போறேன்" என்று உடனே சொல்லிவிட்டார். அந்தச் சொல்லைப் பெற்றுக்கொண்டு திரும்பியிருக்கலாம். ஆயினும், கூச்சத்தைக் கருவியாக்கிப் பெற்ற சம்மதம் சம்மதமாகாது என்று வகுப்பில் நாம் ஆண்டுதோறும் சொல்லிக்கொடுக்கிறோம். துணைவியார் தரையில் அமர்ந்து வேறு பேச்சைத் தொடங்கினார். மகனுடைய பெண்பார்க்கும் படலம், கொத்தமல்லி விலை, மூட்டு வலி என்று அரைமணி நேரம் சென்றது. பிறகே உண்மையான சொல் வெளிவந்தது. "கேஸ் வந்த பிறகுதான் நான் ராத்திரி படுத்துத் தூங்கறேன். அதுக்கு முன்னே உக்காந்துதான் தூக்கம்."

அன்று முடிவு எதுவும் செய்யவில்லை. அடுத்த ஒரு வாரம், கொல்லையின் மூன்று இடங்களில் ஓர் இரும்புச் சட்டியில் வறட்டியைப் புகைய விட்டுப் பார்த்தோம். காலை, நண்பகல், அஸருக்குப் பின், மஃக்ரிபுக்குப் பின் என நான்கு வேளை. துணைவியார் அவ்வாவின் சமையலறையில் நின்றுகொள்வார். புகை நுழைந்தால் கரண்டியால் சாளரக் கம்பியைத் தட்டுவார். முதலில் கருதிய இடத்தில் நான்கு வேளையும் கரண்டி ஒலித்தது. கொல்லையின் வடகோடியில் ஒருமுறைகூட ஒலிக்கவில்லை. ஆனி, ஆடி மாதங்களில் நமது பகுதியில் காற்று தென்மேற்கிலிருந்து வீசும். வடகோடியில் எழும் புகை அக்காலத்தில் அவ்வாவின் வீட்டுக்குப் பின்னே, கொத்தமல்லித் தோட்டத்தின் மீது கடந்துவிடும். மார்கழியில் வடகிழக்குக் காற்று அதைத் திருப்பி நமது சமையலறைக்கே கொண்டுவரும். அது நாம் தாங்கிக்கொள்ள வேண்டியது.

வடகோடியில் ஆட்டுக் கொட்டகை இருந்தது. அதை இடம் மாற்றினோம். அவ்வா இரண்டு நிபந்தனைகள் சொன்னார். மகன் பகலில் உறங்கும் வாரங்களில் அஸருக்கு முன் நெருப்பு மூட்டக்கூடாது. காற்று மாறிப் புகை உள்ளே வந்தால் அவர் சாளரத்தை மூடுவார். சாளரம் மூடிய உடனே நாம் நெருப்பை அணைத்துவிட வேண்டும். இரண்டையும் ஏற்றுக்கொண்டோம்.

இனிக் கட்டிய கதை. கிருஷ்ணகிரி மாவட்டத்தில் கருங்கல்லுக்குப் பஞ்சமில்லை. மூன்றடி உயர மேடையைக் கருங்கல்லாலேயே எழுப்பினோம். ஆனால் நெருப்புப் படும் உட்புறத்தில் ஒரு கருங்கல்லும் இருக்கக்கூடாது. அதிலுள்ள குவார்ட்ஸ் 573 பாகை செல்சியஸை எட்டும்போது சட்டென விரிவதால் கல் பிளந்து தெறிக்கும். எனவே தளத்துக்கும் குவிமாடத்துக்கும் 'ஃபயர் பிரிக்' எனப்படும் நெருப்புச் செங்கற்கள் ஏறத்தாழ 130 ஓசூரிலிருந்து வாங்கினோம். மேடையின் மேற்புறத்தில் மணல், கல்லுப்பு, உடைந்த கண்ணாடி ஆகியவற்றைப் பரப்பி அதன் மேல் செங்கற்களை அடுக்கினோம். சூடு கீழே இறங்கி வீணாகாமல் தளத்திலேயே தங்கும் பொருட்டு நம் நாட்டுப் பழைய ரொட்டிக்கடைகளில் கையாண்ட முறை இது.

குவிமாடத்துக்கு அச்சு, ஈரமணல் குவியல்தான். 36 அங்குல விட்டம், 18 அங்குல உயரம். மணலின் மேல் ஈரத்தாளை ஒட்டி, அதன் மேல் பாதிச் செங்கற்களை வட்டம் வட்டமாக அடுக்கி, காய்ந்தபின் வாய்வழியே மணலை அள்ளிவிட வேண்டும். மேஸ்திரி ஒட்டுவதற்குப் பழைய செய்தித்தாள் கேட்டார். வீட்டில் இருந்த கட்டுகளில் உருது ஏடுகளும் சமுதாய இதழ்களும் கலந்திருந்தன. இறைநாமம் அச்சிட்ட தாளை நெருப்பில் இட மனம் ஒப்பவில்லை. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கவும் பொழுதில்லை. சிமென்ட் சாக்குகளின் காகிதத்தை நனைத்து ஒட்டினோம். நன்றாகவே பிடித்துக்கொண்டது.

மேற்பூச்சுக்குப் புற்றுமண்ணைப் போல் வேறு மண் உறுதி தராது என்றார் மேஸ்திரி. அது உண்மை. ஆயினும் அருகில் இருந்த புற்று, தெருப் பெண்கள் மஞ்சள் பூசிப் பால் வார்க்கும் புற்று. அதை நாம் தொடவில்லை. மண்பாண்டம் செய்பவரிடம் களிமண் வாங்கி, மணலும் வைக்கோலும் சேர்த்து மிதித்தோம். மிதித்தவர்கள் பிள்ளைகள். அந்த இரண்டு நாள் அவர்களுக்குப் பெருநாள்.

அடுப்பின் வாய் உயரம் குவிமாட உயரத்தில் நூற்றுக்கு 63 பங்கு இருக்க வேண்டும் என்பது கைத்தொழிலாளர்களின் கணக்கு. நமக்கு அது ஏறத்தாழ 11 அங்குலம் வந்தது. அதைவிட உயர்ந்தால் சூடு வெளியேறும். தாழ்ந்தால் காற்று நுழையாமல் நெருப்பு திணறிப் புகையும். புகைபோக்கி குவிமாடத்தின் உச்சியில் வராது, வாயின் மேல் முன்புறத்தில் வரும். சூடு மாடத்தில் சுழன்ற பிறகே புகை வெளியேறும் அமைப்பு அது. நமது புகைபோக்கியை அவ்வாவின் கூரையைவிட உயரமாக ஏற்றினோம். பார்ப்பவர்கள் சிறு செங்கற்சூளையோ என்று கேட்கிறார்கள். எல்லாம் சேர்ந்து 24,000 ரூபாய் ஆயிற்று. அழகு சற்றுக் குறைவுதான்.

கட்டி முடித்த உடனே பெருநெருப்பு மூட்டினால் சுவரில் தங்கிய ஈரம் ஆவியாகி அடுப்பைப் பிளந்துவிடும். ஏழு நாள், நாளொன்றுக்குச் சிறிது கூட்டி, கொட்டாங்கச்சியும் சுள்ளியும் எரித்து உலர்த்தினோம். இக்காலத்தில் கவனித்த ஒன்றை வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். விறகடுப்பின் புகையில் பெரும்பகுதி முதல் அரைமணி நேரத்தில் வருவது. குளிர்ந்த அடுப்பும் ஈரவிறகும்தாம் அதற்குக் காரணம். நன்கு காய்ந்த மாம்விறகை அடியில் பெரிதும் மேலே சிறிதுமாக அடுக்கி, மேலிருந்து பற்றவைத்தால் புகை பெருமளவு குறைகிறது. மாடம் முதலில் கரியேறிக் கறுக்கும். சூடு முற்றியதும் அந்தக் கரியும் எரிந்து செங்கல் வெளுக்கும். வெளுத்த பின் புகைபோக்கியில் கானல் மட்டுமே அசையும்.

மைத்துனர் இந்த அடுப்பை "ஃபுர்ன்" என்றே அழைக்கிறார். அரபு நாட்டில் பழகிய சொல். அது இலத்தீன் மொழியின் 'ஃபுர்னுஸ்' என்பதன் வழியில் வந்தது. இத்தாலியரின் 'ஃபோர்னோ'வும் அதே குடும்பம். போர்த்துகீசியர் வழியே இலங்கைக்கு வந்து அங்குள்ள தமிழர் நாவில் "போறணை" ஆனதும் அதுவே. யாழ்ப்பாணத்துப் போறணையில் சுட்ட பாணும் நேப்பிள்ஸ் நகரத்துப் பீட்ஸாவும் ஒரே சொல்லின் நெருப்பில் வெந்தவை. நேப்பிள்ஸ் கலைஞர்களின் பீட்ஸா சுடும் கலையை யுனெஸ்கோ 2017-இல் மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. ஏறத்தாழ 400 பாகை சூடேறிய தளத்தில் 60 முதல் 90 வினாடிகளுக்குள் அவர்கள் சுட்டெடுக்கிறார்கள். நமக்கு மூன்று நிமிடம் ஆகிறது. மைத்துனர் இதை ஏற்பதில்லை, இரண்டரை என்கிறார்.

நமக்குப் பிடித்த சொல் தன்னூர். குர்ஆனில் ஹூத், முஃமினூன் ஆகிய இரு அத்தியாயங்களிலும் நூஹ் (அலை) அவர்களின் வரலாற்றில் இச்சொல் வருகிறது. வெள்ளத்தின் தொடக்கத்துக்கு அடையாளம், தன்னூர் பொங்குவது. அது பூமியின் மேற்பரப்பைக் குறிக்கும் என்றும், ரொட்டி சுடும் அடுப்பையே குறிக்கும் என்றும் விரிவுரையாளர்கள் கருத்து வேறுபடுகின்றனர். அக்காத் மொழியின் 'தினூரு' தொடங்கி வடநாட்டுத் தந்தூர் வரை நீளும் மிகத் தொன்மையான சொல் அது.

ஹதீஸ்களில் தன்னூர் மிக நெருக்கமான வீட்டுப் பொருளாக வருகிறது. அகழ்ப் போரின்போது ஜாபிர் (ரலி) அவர்களின் வீட்டில் ஒரு ஸாஉ வாற்கோதுமையும் ஒரு சிறு ஆடும் மட்டுமே இருந்தன. நாம் வரும்வரை அடுப்பிலிருந்து பானையை இறக்க வேண்டாம், ரொட்டி சுடவும் வேண்டாம் என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் சொல்லியனுப்பினார்கள். ஒரு ஸாஉ என்பது சில கிலோ மட்டுமே. ஆயிரம் பேர் உண்டனர். அந்த நிகழ்வில் நம் துணைவியாருக்குப் பிடித்த பகுதி வேறொன்று: இல்லத்தரசி தனியே அல்லல்படாமல், உடனிருந்து ரொட்டி சுட இன்னொரு பெண்ணையும் அழைத்துக்கொள்ளுமாறு அண்ணலார் கூறியது.

ஆனால் அடுப்புக் கட்டிய நாட்களில் நம் மனத்தில் ஓயாமல் இருந்தது உம்மு ஹிஷாம் (ரலி) அவர்களின் அறிவிப்பு. ஸஹீஹ் முஸ்லிமில் ஜும்ஆ உரையைப் பற்றிய பகுதியில் வருகிறது. அவர்கள் ஹாரிஸா பின் நுஃமான் (ரலி) அவர்களின் மகளார். காஃப் அத்தியாயத்தை, ஜும்ஆ மேடையில் அண்ணலார் ஓதக் கேட்டே மனனம் செய்ததாகக் கூறுகிறார்கள். அதைச் சொல்லும்போது, நமது தன்னூரும் அல்லாஹ்வின் தூதருடைய தன்னூரும் இரண்டு ஆண்டுகளோ, ஓராண்டும் சில மாதங்களுமோ ஒன்றாகவே இருந்தது என்பதையும் சேர்த்துச் சொல்கிறார்கள். அண்ணலாரின் இல்லத்துக்கு எவ்வளவு நெருக்கமாக வாழ்ந்தார்கள் என்பதைக் காட்ட அவ்வாறு கூறினார்கள் என்று இமாம் நவவி (ரஹ்) விளக்குகிறார்கள். பல ஆண்டுகள் இந்த ஹதீஸை ஜும்ஆவின் சட்டத்துக்காகவே வகுப்பில் நடத்தினோம். கையில் களிமண்ணோடு நினைத்தபோது வேறொரு காட்சி தோன்றியது. இரண்டு வீட்டுப் பெண்கள் ஒரே அடுப்பின் முன் முறை பார்த்து நின்றிருப்பர். ஒரே விறகு, ஒரே புகை. ஒரு வீட்டில் மாவு இல்லாத நாள் அடுத்த வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்.

மொராக்கோவின் பழைய நகரங்களில் வீட்டில் பிசைந்த மாவைத் தெருவின் பொது அடுப்புக்கு அனுப்பிச் சுட்டு வாங்கும் வழக்கத்தைப் பற்றிப் படித்திருக்கிறோம். நம் தெருக்களில் பொதுக்கிணறு இருந்தது, பொது உரல் இருந்தது. பொது அடுப்பு இருந்ததாக நினைவில்லை.

அவ்வா சனிக்கிழமைகளிலும் விரத நாட்களிலும் புலால் உண்பதில்லை. புலால் சமைத்த அடுப்பில் வேறு எது சமைத்தாலும் அந்நாட்களில் தொடமாட்டார். ஆகவே அடுப்பில் முதலில் சுட்டது பீட்ஸா அன்று. நெய்யும் கருஞ்சீரகமும் இட்ட வெறும் ரொட்டி, ஒரு சனிக்கிழமை அஸருக்குப் பின். கொடையை முதலில் யாருக்கு அனுப்புவது என்று ஆயிஷா (ரலி) அவர்கள் வினவியபோது, வாசல் யாருடையது நெருக்கமோ அவருக்கு என்று அண்ணலார் விடையளித்தார்கள். அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் தம் வீட்டில் ஆடு அறுத்த நாளில், யூதரான அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா என்று திரும்பத் திரும்பக் கேட்டதும் ஹதீஸ் நூல்களில் உண்டு. முதல் ரொட்டி சுவரின் மேலாகவே அவ்வாவின் கைக்குச் சென்றது. அவர் அதை முகர்ந்து பார்த்து, "கேப்பை மாவுல செஞ்சா இன்னும் நல்லா இருக்கும்" என்றார். அடுத்த வாரமே ஒரு படி கேழ்வரகு மாவு வந்து சேர்ந்தது. கேழ்வரகு கோதுமையைப் போல் இழுபடாது, உதிரும். மைத்துனர் மூன்று வாரம் போராடி, பாதிக்குப் பாதி கோதுமை கலந்து வழிக்குக் கொண்டுவந்தார். இப்போது புலால் சமைக்கவென்று தனித்தட்டுகள் வைத்திருக்கிறோம். தளத்தில் நேரே சுடுவது ரொட்டியும் காய்கறிப் பீட்ஸாவும் மட்டுமே.

பீட்ஸா நாள் ஞாயிற்றுக்கிழமை. தக்காளிக் குழம்பும் பாலாடைக்கட்டியும் போக, மேலே தூவுவது நமது ஊரின் புதினாவும் கொத்தமல்லியும். இஷாவுக்குப் பின் தணலை இரும்பு வாளியில் அள்ளி மண்ணிட்டு மூடிவிடுவோம். உறங்கும்போது வீட்டில் நெருப்பை விட்டுவைக்க வேண்டாம் என்ற நபிமொழி பிள்ளைகளுக்கு இப்போது மனப்பாடம். நெருப்பு நீங்கிய பின்னும் அடுப்பு காலை வரை சூடாகவே இருக்கிறது. அந்தச் சூட்டில் ரஸ்க் காய்கிறது. தொழிற்சாலை வேலைக்காகப் பீகாரிலிருந்து வந்து ஜும்ஆவுக்கு நம் பள்ளிவாசலுக்கு வரும் இளைஞர் இருவர், ஒரு மாலையில் வந்து தங்கள் ஊர் லிட்டியைச் சுட்டுத் தந்தார்கள். சத்துமாவு உள்ளே வைத்த அந்த உருண்டைகளுக்கு நமது அடுப்பின் தணல் நன்கு பொருந்தியது.

சாளரம் இதுவரை மூன்று முறை மூடியது. இருமுறை காற்று உண்மையாகவே திரும்பியது. மூன்றாம் முறை சென்ற மாதம். கிருஷ்ணகிரியிலிருந்து உறவினர் எட்டுப் பேர் பீட்ஸாவுக்கென்றே வந்திருந்தனர். மாடம் வெளுத்துவிட்டது, 14 உருண்டை மாவு விரிக்கத் தயாராக இருந்தது. சாளரம் மூடியது. புகையே இல்லையே என்று உறவினர் ஒருவர் வாதிட்டார். மைத்துனர் ஒன்றும் பேசாமல் எரியும் கட்டைகளை இழுத்து மண்ணைப் போட்டார். 14 உருண்டைகளும் எரிவாயு அடுப்பில் தோசைக்கல்லின் மேல் ரொட்டியாயின. உறவினர் உண்டுவிட்டுச் சற்று வருத்தத்தோடு விடைபெற்றனர்.

மறுநாள் காலையில் அவ்வா துணைவியாரிடம் கேட்டார்: "ஏன் நேத்து அடுப்பு அணைச்சிட்டீங்க? பூனை பாலைக் குடிச்சிடுதுன்னு நான் சன்னலைச் சாத்தினேன்."

இப்போது புகை வந்தால் சாளரக் கம்பியில் சிவப்புத் துண்டு ஒன்றைக் கட்டுவதாக ஏற்பாடு. துண்டு நம் வீட்டிலிருந்து கொடுத்ததுதான்.